54 மி.மீ.யில் ஒரு வாட்டர்லூ சிப்பாய்

1815-இல் வாட்டர்லூ போரில் நின்ற பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயை 1/32 அளவில் (54 மி.மீ. உருவம் என்பது இதைத்தான்) சிறு பொம்மையாகச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். புட்டியை, அதாவது உருவம் பிடிக்கும் பசையை, தொடுமுன் கணக்கை முடித்துவிடுங்கள். 168 செ.மீ. ஆள் 52.5 மி.மீ., தலை 7 மி.மீ., சுமார் 140 செ.மீ. நீளமுள்ள பிரவுன் பெஸ் துப்பாக்கி 44 மி.மீ. இந்த அளவில் ஒரு படம் வரைந்து பக்கத்திலேயே வைத்திருங்கள். கண்ணளவை நம்பினால் தலையும் கையும் பெருத்துவிடும்.

1 மி.மீ. பித்தளைக் கம்பியைப் படத்தின்மேல் வைத்து வளைத்து, தக்கையில் குத்தி நிறுத்துங்கள். நிற்கும் தோரணை இப்போதே முடிவாக வேண்டும். பிறகு வளைத்தால் புட்டி விரிசல் விடும்.

மில்லிபுட், கிரீன் ஸ்டஃப் இரண்டும் இரு கூறுகளைச் சேர்த்துப் பிசைந்தால் இறுகும் புட்டி வகைகள். மில்லிபுட் இறுகினால் கல் மாதிரி, உப்புத்தாள் போடலாம். கிரீன் ஸ்டஃப் ரப்பர் போல நிற்கும். தேய்க்க வராது, ஆனால் மெல்லிய ஓரம் உடையாது. இரண்டையும் சரிபாதி கலந்தால் வேலைக்கு வசதி. கிரீன் ஸ்டஃப் பட்டையில் நீலமும் மஞ்சளும் ஒட்டியிருக்கும் நடுக்கோட்டை வெட்டி எறியுங்கள். ஏற்கெனவே இறுகிய அந்தத் துணுக்குகள்தாம் முகத்தில் பருவாக முளைக்கும். நம்மூர் வெயிலில் புட்டி சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்கள்.

உடலை ஒல்லியாக, துணியில்லாமல் செய்து ஓர் இரவு விடுங்கள். கோட்டுக்கு அரை மி.மீ. கனம் போதும். உருவம் குண்டாகிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மடிப்புகள் அக்குளிலும் முழங்கையின் உள்பக்கத்திலும் தொடங்கட்டும்.

கோட்டு ஈரமாக இருக்கும்போதே குறுக்குவார் போகும் தடத்தை லேசாக அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வார் துணிமேல் மிதக்கும். வாருக்கு, பவுடர் தூவிய கண்ணாடியில் புட்டியைத் தாள் கனத்துக்குத் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் புது பிளேடால் 1.6 மி.மீ. பட்டியாக வெட்டுங்கள். முந்தினால் நெளியும், பிந்தினால் தோளில் படியாது. தோட்டாப் பெட்டி வலது இடுப்பில், பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) உறை இடதில். முதுகுப்பை கடைசியில், அதன் பாரம் தோளைப் பின்னுக்கு இழுப்பது தெரிய வேண்டும்.

தொப்பியில் பலர் தவறுகிறார்கள். முன்பக்கம் உயர்ந்த பெல்ஜிக் ஷாக்கோதான் அன்று பொதுவானது, இறகு இடப்பக்கம். 28-ஆம் ரெஜிமென்ட் போன்ற சில மட்டும் பழைய குழாய்த் தொப்பியோடு நின்றன. எந்த ரெஜிமென்ட் என்று முடிவு செய்யாமல் பட்டனையும் தொடாதீர்கள்: சிலருக்குச் சம இடைவெளியில் ஒவ்வொன்றாக, சிலருக்கு இரண்டிரண்டாக.

பயனெட்டைக் குழலின் நேர் நீட்சியாக ஒட்டிவிடாதீர்கள். அதன் அலகு குழலின் வலப்பக்கம் ஒதுங்கியே நிற்கும். அப்போதுதான் பயனெட் மாட்டியபடியே குழலுக்குள் தோட்டாவை இடிக்க முடியும்.