மழையிலும் வளையாத புத்தகம்: கைத்தையல் பைண்டிங்

டிரெடிலில் (காலால் மிதித்து ஓட்டும் அச்சு எந்திரம்) பார்த்துப் பார்த்து அடித்த தாளைக் கடைசியில் கம்பிப்பின் அடித்து முடித்தால், குமரி மாவட்டக் கடற்காற்றில் அந்தப் பின் துருவேறித் தாளை அரித்துவிடும். இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஈரத்தைக் கணக்கில் வைத்துத்தான் பைண்டிங் செய்ய வேண்டும்.

முதல் கவனம் தாளின் நாரோட்டம், அதாவது தாளில் நார்கள் ஓடும் திசை. 17.5 × 22.5 அங்குல டெமி தாளை மூன்று மடிப்பு மடித்தால் 16 பக்க ஃபாரம் (சேர்த்துத் தைக்கும் மடிப்புக்கட்டு); அதன் முதுகு, அதாவது தைக்கும் மடிப்போரம், 17.5 அங்குலப் பக்கத்துக்கு இணையாக வரும். நாரோட்டமும் அத்திசையில்தான் இருக்க வேண்டும். தாள்துண்டின் ஒரு முகத்தை மட்டும் நனைத்தால் குழலாகச் சுருளும். குழலின் நீளவாக்கே நாரோட்டம். மாறி அமைந்தால், ஈரம் ஏறும்போது தாள் முதுகின் நீளத்தில் விரியப் பார்க்கும். நூலும் பசையும் விடாது. பக்கங்கள் முதுகோரம் நெளிந்து நிற்கும். பிறகு சரிசெய்ய வழியில்லை. அட்டைக்கும் இதே விதி.

ஃபாரத்தின் முதுகில் ஆறு துளை: இரு முனையிலிருந்தும் அரை அங்குலம் உள்ளே ஒவ்வொன்று, முதுகின் குறுக்கே வைக்கும் அரை அங்குல அகலப் பருத்தி நாடா இரண்டின் இருபுறமும் நான்கு. ஆறு ஃபாரத்துக்கு ஐந்தடி நூல் போதும். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் தேன்மெழுகு வாங்கி நூலில் இருமுறை இழுங்கள். நாடாவுக்கு முன் வெளியே வந்து, அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும். இரண்டாம் ஃபாரம் முடிந்ததும் தொடக்க நூலோடு முடிச்சு. மூன்றாவதிலிருந்து ஓரத்துளையில் கீழ் ஃபாரத்தின் தையலுக்குள் ஊசியை விட்டு முடிச்சு. நூலை முதுகின் போக்கிலேயே இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் தாள் கிழியும்.

பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் பளபளப்பு வரும்வரை கிண்டி, ஆறியபின் துணியில் வடிகட்டுங்கள். பூச்சிக்கு மயில்துத்தம் (செம்பு உப்பு) போடும் வழக்கம் உண்டு. நெடுநாள் வாழவேண்டிய புத்தகத்துக்கு வேண்டாம், செம்பு தாளைச் சிதைக்கும். அன்றாடம் புதிதாகக் காய்ச்சுவதே மேல். முதுகில் பசை தடவி, இருபுறமும் ஓர் அங்குலம் நீளும்படி மல்துணி ஒட்டுங்கள்.

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1891இல் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகம் பல நூல்களுக்கு வளையும் தோலட்டை போட்டது. அழகுதான், ஆனால் அந்தத் தோல் ஈரத்துக்கு முறுக்கிக்கொள்ளும். நமக்கு 2 மி.மீ. அட்டையும் கைத்தறித் துணியுமே சரி. துணியின் பின்புறம் மெல்லிய தாள் ஒட்டாவிட்டால் பசை வெளியே கசியும். அட்டையின் உயரம் பக்கத்தைவிட 6 மி.மீ. கூடுதல், அகலம் 4 மி.மீ. குறைவு. முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே 7 மி.மீ. இடைவெளி.

துணி காயும்போது அட்டையை வெளிப்பக்கம் இழுக்கும். அட்டையின் உட்புறம் ஒட்டும் உள்தாள் அதைத் திருப்பி இழுக்கும். உள்தாளில் பசை கூடினால் அட்டை உள்நோக்கி வளையும், எனவே மெல்லப் பூசுங்கள். ஒட்டியதும் உள்தாளுக்கும் பக்கங்களுக்கும் நடுவே மெழுகுத்தாள் வைத்துப் பத்து கிலோ பாரம் ஏற்றுங்கள். மெழுகுத்தாளை இரண்டு மணிநேரத்தில் எடுத்துவிட்டு உறிஞ்சுதாள் வையுங்கள். கோடையில் ஒரு நாள் போதும். மழையில் மூன்று நாளாவது பாரத்துக்கடியில் இருக்கட்டும், உறிஞ்சுதாளைத் தினமும் மாற்றிக்கொண்டு. அவசரப்பட்டு வெயிலில் வைக்க வேண்டாம். ஒரு முகம் முந்திக் காய்ந்து அட்டை வளைந்துவிடும்.