கார் நிறுத்த பேவர் பிளாக்: குழி தோண்டுவதில் இருந்து மணல் கூட்டுவது வரை

ஒரு ஐப்பசி மழை முடிந்ததும் புதிதாக பேவர் பிளாக் போட்ட வாசல்களைக் கவனியுங்கள். கார் சக்கரம் ஏறும் இரண்டு தடத்திலும் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கியிருக்கும். "கல்லு சரியில்ல" என்பார்கள். பெரும்பாலும் கல்லின் மேல் தப்பிருக்காது. மண்ணைக் கெட்டிக்காமல், நாலு இஞ்ச் மணலைக் கொட்டி, அதன் மேலேயே கல்லை அடுக்கியிருப்பார்கள்.

20க்கு 10, அதாவது 200 சதுர அடி வாசலை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

1. தண்ணீர் எங்கே போகும்?

மண்வெட்டியைத் தொடும் முன் இதை முடிவு செய்யுங்கள். 10 அடி நீளத்துக்கு 2 முதல் 2½ இஞ்ச் வாட்டம் வேண்டும். 20 அடிக்கு 4 இஞ்சாவது இறங்கணும். கண்ணால் பார்த்து ஒத்துக்கொள்ளாதீர்கள். டியூப்பில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, இரண்டு முனையிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். வாட்டம் வீட்டுச் சுவரை விட்டு விலகித்தான் போக வேண்டும்.

தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேல மேல ரோடு போட்டு, கேட்டை விட ரோடு உயர்ந்துவிட்ட வீடுகள் நிறைய. அப்படியானால் கேட்டுக்கு உள்ளேயே குறுக்காக ஒரு சின்ன வாய்க்கால் கட்டி, மேலே கம்பி ஜாலி போட்டு, தண்ணீரைப் பக்கவாட்டில் உறிஞ்சு குழிக்குத் திருப்புங்கள். காரிலிருந்து சொட்டும் ஆயிலும் இந்தத் தண்ணீரில் கலக்கும். கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோ நேராக விடாதீர்கள். அங்கே மொட்டைமாடித் தண்ணீர் மட்டும் போகட்டும்.

2. தோண்டுதல்

ஜல்லிக்கு 6 இஞ்ச், மணலுக்கு ஒன்றேகால், கல்லுக்கு 60 மி.மீ. மொத்தம் கிட்டத்தட்ட 10 இஞ்ச். குழியின் அடிமட்டமும் அதே வாட்டத்தில் இருக்கணும். இடுக்கு வழியே இறங்கும் தண்ணீர் அடியிலும் தேங்கக் கூடாது அல்லவா. செம்மண் என்றால் கவலையில்லை. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அங்கே இன்னும் அரை அடி வெட்டியெடுத்து கிராவல் நிரப்பி, ஜல்லிக்கு அடியில் ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும்) துணி விரியுங்கள். தண்ணீர் குழாய், கேபிள் புதைக்க வேண்டியதை இப்போதே புதைத்துவிடுங்கள்.

3. அடித்தளம்

மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. வெறும் முக்கால் இஞ்ச் ஜல்லி மட்டும் போட்டால் உருளும். பெரிய ஜல்லி, சிறிய ஜல்லி, கிரஷர் பொடி எல்லாம் கலந்த வெட் மிக்ஸ் வாங்குங்கள். 200 சதுர அடிக்கு அரை அடி என்றால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். கெட்டித்தால் அமுங்கும் என்பதால் ஒன்றேகால் யூனிட் சொல்லுங்கள்.

ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் தட்டினால் அடியில் பொதபொதவென்று நின்றுவிடும். இரண்டு அடுக்காகப் போடுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து தட்டிக் கெட்டிக்கும் மெஷின்) வாடகைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் நாலைந்து தடவை ஓட்டுங்கள். குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் விழாத வரை அடுத்த அடுக்கு வேண்டாம்.

4. ஓரக்கல்

சுவர் இல்லாத பக்கமெல்லாம் கெர்ப் கல்லை கான்கிரீட்டில் நிறுத்துங்கள். ஓரம் பிடிப்பில்லாவிட்டால் வண்டி திரும்பத் திரும்ப கற்கள் மெல்ல விலகும்.

5. மணல்

32 மி.மீ. பிவிசி பைப் இரண்டை இணையாக வைத்து, நடுவில் எம்-சாண்ட் பரப்பி, மட்டப்பலகையை பைப் மேல் வைத்து இழுங்கள். ஒன்றேகால் இஞ்ச் தானாக வந்துவிடும். பைப்பை எடுத்த பள்ளத்தில் மணல் நிரப்புங்கள். அப்புறம் அதன் மேல் நடக்காதீர்கள். அடித்தளத்தில் உள்ள மேடு பள்ளத்தை மணலால் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், அந்த இடம்தான் முதலில் அமுங்கும்.

6. கல் பதித்தல்

பதித்த கல் மேலேயே நின்று முன்னோக்கி வாருங்கள். இடைவெளி 2 முதல் 4 மி.மீ. நடைபாதைக்கு எந்த டிசைனும் சரி. கார் ஏறும் இடத்துக்கு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஜிக்ஜாக் கல்தான் என் தேர்வு. வாய்க்கால் ஜாலி போட்டிருந்தால் கல் அதை விட கால் இஞ்ச் உயரமாக இருக்கட்டும், தட்டும்போது இறங்கிவிடும்.

7. தட்டுதல்

காம்பாக்டர் தட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் கட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். உடைந்த கல்லை மாற்றி, காய்ந்த பொடிமணலைக் கொட்டித் துடைப்பத்தால் கூட்டி இடுக்கில் இறக்குங்கள். மறுபடி ஓட்டி, மறுபடி மணல். இடுக்கு நிறையும் வரை இதுதான். சிமெண்ட் பால் ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது வெடித்துப் பெயரும், தண்ணீரையும் அடைக்கும்.

முதல் இரண்டு மழையில் மணல் கொஞ்சம் இறங்கும். ஒரு மூட்டை மணலை ஓரமாக எடுத்து வைத்திருந்து காய்ந்த நாளில் மீண்டும் கூட்டிவிடுங்கள். அதுவரை பிரஷர் பம்பு போட்டு வாசல் கழுவுவதைத் தள்ளிப்போடுங்கள்.