டீ கொட்டிய கீபோர்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவுவது எப்படி?

போன மாதம் என் கீபோர்டில் அரை டம்ளர் டீ கொட்டிவிட்டது. மறுநாள் ஏ, எஸ், டி மூன்றும் அழுத்தினால் மேலே எழும்பவில்லை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்கிற ஸ்பிரிட்டை வாங்கிப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். கைப்பிசுக்கு போனது, ஒட்டல் போகவில்லை. சர்க்கரை தண்ணீரில் கரையும், ஸ்பிரிட்டில் அவ்வளவாகக் கரையாது என்பது அப்புறம்தான் உறைத்தது. டீயோ காபியோ கூல்டிரிங்க்ஸோ, முதலில் தண்ணீர், பிறகே ஸ்பிரிட்.

இது ஒயர் வைத்த, பட்டனுக்கு அடியில் ரப்பர் இருக்கும் சாதாரண கீபோர்டுக்கான முறை. கம்ப்யூட்டரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, எந்தப் பட்டன் எங்கே என்று மறக்காமலிருக்க செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டனைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஓரம் சிதையும். இரண்டு ஜெம் கிளிப்பை நீட்டி, நுனியைக் கொக்கிபோல் மடக்கி, எதிரெதிர் மூலையில் மாட்டி நேராக மேலே இழுங்கள்.

ஸ்பேஸ் பாரை மட்டும் அப்படி இழுக்காதீர்கள். அதன் அடியில் நீளமாக ஒரு கம்பி இருக்கும். கம்பியின் இரண்டு முனையும் கீழே உள்ள சிறு கொக்கிகளில் மாட்டியிருக்கும். நான் வேகமாக இழுத்ததில் ஒரு கொக்கியில் வெள்ளையாகக் கீறல் விழுந்துவிட்டது. பட்டனைக் கொஞ்சமாகத் தூக்கி, உள்ளே பார்த்து, கம்பியை நகர்த்தி விடுவியுங்கள். திரும்ப மாட்டும்போது கம்பி முனைகள் முதலில், பட்டனை அழுத்துவது கடைசியில். கம்பி சரியாக உட்காரவில்லை என்றால் ஓரத்தில் தட்டும்போது ஸ்பேஸ் பார் சிக்கும். என்டர், ஷிஃப்டிலும் கம்பி இருக்கலாம்.

ஐந்தாறு பூந்திக்கொட்டையை விதை நீக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் நல்ல நுரை வரும். வடிகட்டி, பட்டன்களை அதில் அரை மணி நேரம் போடுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது, பட்டன் வளைந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன், பல பட்டன்கள் செய்யப்படும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பழைய டூத் பிரஷால் தேய்த்து, அரிசி களையும் வடிகட்டியில் போட்டு அலசுங்கள்.

அடிப்பாகத்தை முக்கக் கூடாது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் அடுக்காக இருக்கின்றன. நடுவில் தண்ணீர் புகுந்தால் லேசில் காயாது. கவிழ்த்துத் தட்டி, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். தூசியை ஒட்டி எடுக்கக் கடையில் விற்கிற ஜெல்லை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது; ஜெல் இடுக்கில் பிய்ந்து தங்கிவிடுகிறது. பிறகு பட்ஸை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பட்டன் ஏறி இறங்கும் குழியின் உள்சுவரைத் துடையுங்கள். ஒட்டல் இருந்ததே அங்கேதான். பழுப்பாக ஒரு வளையம் வழித்துக்கொண்டு வந்தது. கடைசியாக ஸ்பிரிட் தொட்ட பட்ஸால் ஒரு சுற்று.

எல்லாவற்றையும் ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி விடுங்கள். வெயிலில் வைத்தால் வெளிர் பட்டன்கள் மஞ்சளாகலாம்.

பின்சேர்க்கை: லேப்டாப்புக்கும் இதைச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அதன் பட்டனுக்கு அடியில் கத்தரிபோல் மடங்கும் கிளிப் ரொம்ப மெல்லியது. அணைத்துவிட்டு, சாய்த்துப் பிடித்து, பெயின்ட் பிரஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.