மின்சாரம் திரும்பிய பின் சர்வர் எழத் தாமதமா? நெட்வொர்க் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை கீழமாசி வீதியின் மொத்த வியாபாரக் கடைகளிலும் கப்பலூர் தொழிற்பேட்டையின் சிறு ஆலைகளிலும் பில்லிங், இருப்பு, கணக்கு ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் சர்வர், வாரக் கணக்கில் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தப்பட்ட மின்சாரம் திரும்பும் நேரத்தில்தான் அதன் குறை தெரியவருகிறது. ஒரு நிமிடத்தில் எழ வேண்டிய இயந்திரம் ஐந்து நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்க, பில் போட ஆள்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

இந்த நிலையில் உடனே ஹார்டு டிஸ்க்கின் மீது பழி போட்டு, புது எஸ்.எஸ்.டி. வாங்கப் பணம் செலவழிப்பதே முதல் தவறு. அப்போது சர்வரின் பிராசசரும் டிஸ்க்கும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். வராத ஒரு பதிலுக்காக அது காத்திருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்பதைக் கண்டறியாமல் எதையும் மாற்றக் கூடாது. லினக்ஸ் சர்வரில் ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ என்ற கட்டளை ஒவ்வொரு சேவையும் (பின்னணியில் ஓடும் நிரல்) எடுத்துக்கொண்ட நேரத்தைப் பட்டியலிடும். ஆனால் பல சேவைகள் ஒரே சமயத்தில் தொடங்குவதால், அந்தப் பட்டியலில் முதலில் நிற்பதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட முடியாது. எந்தச் சேவை எதற்காகக் காத்து நின்றது என்ற சங்கிலியை அதே கருவியின் ‘கிரிட்டிக்கல்-செயின்’ கட்டளை காட்டும் என்பதால், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தாமதத்தின் அளவும் ஒரு நல்ல தடயம். சரியாக 2 நிமிடம் என்றால், நெட்வொர்க் முழுமையாக வரும்வரை காத்திருக்கும் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் நிரல்) சேவையின் இயல்பான 120 விநாடி வரம்பு முடிந்திருக்கிறது. பழைய முறையில் அமைத்த டெபியன் (லினக்ஸின் ஒரு வகை) சர்வர்களில் இதே காத்திருப்பு 5 நிமிடம் வரை நீளும். 90 விநாடி என்றால் எங்கோ ஒரு மவுண்ட் (டிஸ்க்கையோ நெட்வொர்க் பகிர்வையோ இணைக்கும் பணி) தவறியிருக்க வாய்ப்பு அதிகம். 5, 10, 20 என ஐந்தின் மடங்குகளில் தாமதம் வந்தால், பெயர்களை நெட்வொர்க் முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பக்கம் பார்க்க வேண்டும். கைபேசியின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முறை கவனமாக அளந்தாலே தேடலில் பாதி முடிந்துவிடும்.

120 விநாடித் தாமதத்தைக் கண்டவுடன், அந்தக் காத்திருப்புச் சேவையையே முடக்கிவிடுவது பரவலாகச் செய்யப்படும் தவறு. சர்வர் வேகமாக எழும் என்பது உண்மைதான்; ஆனால் குறிப்பிட்ட ஐ.பி. முகவரியில் மட்டும் இயங்கும்படி அமைத்த போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளம், அந்த முகவரி வருவதற்கு முன்பே தொடங்கித் தோற்றுப்போகக்கூடும். சர்வர் எழுந்தும் பில்லிங் எழாத இந்த நிலை முன்னதைவிட மோசமானது. உண்மையான காரணம் பெரும்பாலும் எளியது: சர்வரில் இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள் இருக்க, ஒன்றில் மட்டுமே கேபிள் செருகியிருக்கும், அமைப்புக் கோப்போ இரண்டையும் எதிர்பார்க்கும். உபுண்டு லினக்ஸில், நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பிலிருந்து பயன்படாத போர்ட்டை நீக்கிவிடலாம், அல்லது அதற்கு ‘ஆப்ஷனல்: ட்ரூ’ என்று எழுதலாம். காத்திருக்கும் பணியும் பயன்படும் போர்ட்டோடு நின்றுவிடும்.

நம் ஊர் மின்தடையோடு நேரடியாகத் தொடர்புடைய தவறு ஒன்று உண்டு. சர்வரை மட்டும் யு.பி.எஸ்.-இல் இணைத்துவிட்டு, ஸ்விட்ச்சையும் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) ரௌட்டரையும் சுவர் பிளக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். நீண்ட தடையில் யு.பி.எஸ்.-உம் தீர்ந்து, பிறகு எல்லாம் ஒன்றாக உயிர்பெறும்போது, ரௌட்டர் எழுவதற்கு முன்பே சர்வர் டி.எச்.சி.பி. (முகவரிகளைத் தானாக வழங்கும் முறை) மூலம் முகவரி கேட்கத் தொடங்கினால் பதில் சொல்ல ஆள் இல்லை. சர்வருக்கு நிலையான முகவரிதான் பொருத்தம். அது ரௌட்டர் மற்றவர்களுக்கு வழங்கும் முகவரி வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லையேல் இரண்டு இயந்திரங்கள் ஒரே முகவரியில் மோதிக்கொள்ளும். குறைந்த மின்சாரமே எடுக்கும் ஸ்விட்ச்சையும் ரௌட்டரையும் அதே யு.பி.எஸ்.-க்குக் கொண்டுவருவதில் தயக்கம் வேண்டாம்.

நிர்வகிக்கத்தக்க ஸ்விட்ச்சாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நெட்வொர்க்கில் சுழல் உண்டாகாமல் தடுக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையில், கேபிள் உயிர்பெற்ற பின் அந்தப் போர்ட் 15 விநாடி கவனித்து, 15 விநாடி கற்று, அதன் பிறகே தரவை அனுப்பும். சர்வர் இணைந்த போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் அமைத்தால் இந்த அரை நிமிடம் மிச்சம். வேறொரு ஸ்விட்ச்சுக்குச் செல்லும் போர்ட்டில் இதை ஒருபோதும் அமைக்கக் கூடாது; அங்கே சுழல் உண்டானால் அலுவலகத்தின் மொத்த நெட்வொர்க்கும் விழுந்துவிடும்.

டி.என்.எஸ். அமைப்பில் பழைய தடங்கள் தங்கிவிடுவது அடுத்தது. இணைய நிறுவனத்தை மாற்றிய பிறகும் பழைய நிறுவனத்தின் டி.என்.எஸ். முகவரிகள் சர்வரிலேயே கிடக்கும். லினக்ஸ் ஒவ்வொரு முகவரியிடமும் 5 விநாடி காத்திருந்து, மொத்தம் இரண்டு சுற்று முயலும். எனவே பதில் சொல்லாத முகவரிகள் இரண்டு இருந்தால் ஒரே ஒரு பெயரைத் தேடுவதற்கே ஏறக்குறைய 20 விநாடி போய்விடும். சர்வரின் சொந்தப் பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (சர்வரிலேயே உள்ள பெயர்-முகவரிப் பட்டியல்) இல்லாவிட்டாலும் இதே சிக்கல் வரும். சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரல் தன் முழுப்பெயர் கிடைக்காமல் ஒரு நிமிடம் உறங்கி மீண்டும் முயல்வது இதனால்தான்.

விண்டோஸ் டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்த சர்வருக்கு 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ். முகவரியை இரண்டாவதாகக்கூடக் கொடுக்கக் கூடாது. உள் டொமைனின் பெயர்கள் பொது டி.என்.எஸ்.-க்குத் தெரியாது, சர்வர் அதன் பக்கம் திரும்பிவிட்டால் டொமைனை நடத்தும் டொமைன் கண்ட்ரோலரைக் கண்டுபிடிக்க முடியாமல் தொடக்கத்திலேயே நெடுநேரம் நிற்கும். வெளிப் பெயர்களுக்கான பொது முகவரியை, டொமைன் கண்ட்ரோலரின் டி.என்.எஸ். சேவையில் ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாத பெயர்களைக் கேட்டறியும் இடமாக) அமைப்பதே முறை.

என்.எஃப்.எஸ். (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு முறை) மூலம் நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் உள்ள சேமிப்புப் பெட்டி) இணைத்திருந்தால், மவுண்ட்டுகளைப் பட்டியலிடும் எஃப்ஸ்டேப் கோப்பில், அது இணையாவிட்டாலும் சர்வர் எழும்படி ‘நோஃபெயில்’ சேர்ப்பது அவசியம். நாஸ் பெட்டி, சர்வரைவிடத் தாமதமாக எழக்கூடும் என்பதால், முதல் முறை தொடும்போது மட்டும் இணையும் ஆட்டோமவுண்ட் இன்னும் நல்லது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் திருத்திவிட்டு, வீட்டிலிருந்தபடியே தொலைவில் இருக்கும் சர்வரை ரீபூட் செய்வது ஆபத்தானது. ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகச் செய்து, தனியாக அளக்க வேண்டும். ‘நெட்பிளான் ட்ரை’ என்று கொடுத்தால், 120 விநாடிக்குள் உறுதி செய்யாதபோது பழைய அமைப்பே திரும்பிவிடும். அதன் பிறகு கடை மூடிய நேரத்தில், சர்வர், ஸ்விட்ச், ரௌட்டர் மூன்றையும் முறைப்படி அணைத்து, ஒரே மின் சுவிட்சில் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். சர்வரை மட்டும் ரீபூட் செய்யும் சோதனையில் மின்தடைக்குப் பிந்தைய தாமதம் வெளிப்படாது.