சம்மர் டயர் வாங்கும்போது மழையைப் பாருங்கள்

சிங்கப்பூரில் பனி கிடையாது, குளிர்கால டயருக்கு வேலையில்லை. ஆனால் சம்மர் டயர் என்றதும் வெயிலை மட்டும் நினைக்க வேண்டாம். பிஐஇ விரைவுச்சாலையில் கொட்டும் மழையில் பிரேக் பிடிக்கும்போதுதான் டயரின் தரம் தெரியும்.

ஐரோப்பிய டயர் லேபிளில் ஈரச் சாலைப் பிடிப்பு 'ஏ' முதல் 'இ' வரை இருக்கும். 'ஏ' அல்லது 'பி' எடுங்கள். எரிபொருள் மதிப்பீடு அதற்குப் பிறகுதான்.

அளவு 205/55 ஆர்16 91வி என்றால், 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடை, அதாவது 615 கிலோ; 'வி' என்பது அதன் உச்ச வேகம், மணிக்கு 240 கி.மீ. கார் தயாரிப்பாளர் சொன்னதற்குக் குறைவாகப் போடக்கூடாது.

டயரின் பக்கவாட்டில் 'DOT' (டாட்) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 எண்களைப் படியுங்கள்: 2423 என்றால் 2023-இன் 24-ஆம் வாரம். மலேசியாவின் ஜொகூரில் மலிவாகக் கிடைத்தாலும் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த ரப்பர் இறுகிவிடும், மழையில் வழுக்கும்.

இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்பக்கம். முன்சக்கர டிரைவ் காரானாலும் அப்படித்தான். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். சட்டப்படி டயர் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும், நம் மழைக்கு 3 மி.மீ.-இலேயே மாற்றிவிடலாம்.