பாஸ்தா குழாய், மைக்ரோவேவ் பெட்டி: எங்கே தவறுகிறது?

கொதிநீரை ஊற்றி மூடிவைத்தால் பத்து நிமிடத்தில் பாஸ்தா தயார் என்று ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். தண்ணீரோடு போட்டு மைக்ரோவேவில் வைத்தால் போதும் என்று ஒரு பெட்டி. இணையத்தில் ஓடர் போட்டும் வரும், வெளிநாட்டுச் சொந்தக்காரரின் சூட்கேசிலும் வரும். 2022இல் இலங்கையில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு 'அடுப்பே வேண்டாம்' என்ற சொல் இனிக்கத்தான் செய்யும். வாங்கியவர்களில் பலர் இரண்டு தரம் அவித்துவிட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுகிறார்கள்.

முதல் தவறு, கொதிநீர் கொதிநீராகவே நிற்கும் என்று நம்புவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேத்தலிலிருந்து ஊற்றும்போதே சில டிகிரி போய்விடும். 30 டிகிரியில் இருக்கும் 200 கிராம் பாஸ்தாவும் குழாயின் பிளாஸ்டிக்கும் சேர்ந்து மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரியை உறிஞ்சும். ஆக ஒரு லீற்றர் தண்ணீர் தொடக்கத்திலேயே 85க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் இறக்கம்தான். கோதுமை மாப்பொருள் 60 டிகிரிக்கு மேல் வேகத் தொடங்கினாலும், தண்ணீர் நடுவரை ஊறிப்போகச் சூடு விடாமல் நிற்க வேண்டும். அதனால்தான் வெளிப்பக்கம் குழைந்து, கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளியும் பச்சை மா வாசமும். நேரத்தைக் கூட்டினால் வெளிப்பக்கம் இன்னும் குழையுமே தவிர நடு சரிவராது. கன்னியா வெந்நீர்க் கிணறும் சூடுதான், அதில் சோறு வேகாது.

கடல்மட்டத்து ஊரான திருகோணமலையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறக்குறைய 94தான். கடற்கரை ஊரில் கையில் இருக்கும் அந்த நல்ல சூட்டைக் குழாய்க்குள் ஊற்றி வீணாக்குவானேன்?

இரண்டாவது, கிளறாமல் விடுவது. பாஸ்தா ஒட்டுவது முதல் இரண்டு நிமிடத்தில். மேற்பரப்பு மாப்பொருள் பசையாகும் நேரம் அது. கிளறினால் பசை தண்ணீரில் கரைந்துவிடும், விட்டால் இழையோடு இழை கட்டிக்கொள்ளும். ஒடுங்கிய குழாய்க்குள் அகப்பை போகாது. குலுக்கச் சொல்வார்கள், குலுக்கினால் கட்டாகவே உருளும். குழாயைத்தான் பயன்படுத்துவேன் என்றால் மெல்லிய இழை வகையை மட்டும் 100 கிராமுக்கு மேல் போகாமல் போடுங்கள். முதலில் ஒரு தரம் கொதிநீர் ஊற்றிக் குழாயைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, புதுக் கொதிநீர் ஊற்றி, நீளமான கரண்டிக் காம்பால் இரண்டு மூன்று தடவை கிண்டுங்கள். பென்னே, சுருள் வகைகள் இதற்குச் சரிவராது.

மைக்ரோவேவ் பெட்டி கொஞ்சம் பரவாயில்லை, சூடு தொடர்ந்து வருகிறது. அங்கே தவறு நேரக்கணக்கில். 700 வாற் அடுப்பில் ஒரு லீற்றர் சாதாரணத் தண்ணீர் கொதிநிலைக்கு வரவே குறைந்தது ஏழு நிமிடம் பிடிக்கும். பெட்டியில் அச்சிட்ட நேரம் எந்த வாற் அடுப்புக்கு என்று பலர் பார்ப்பதில்லை; 1,000 வாற் அடுப்புக்கு எழுதியதை 700இல் வைத்தால் அரைவேக்காடுதான். அதைவிடக் கேத்தலில் கொதிக்கவைத்த நீரை ஊற்றி, பக்கெற்றில் போட்ட நிமிடத்தோடு இரண்டு கூட்டி வையுங்கள். மூடி போட வேண்டாம். நுரை கிளம்பியதும் சக்தியைப் பாதியாகக் குறைத்து, நடுவில் ஒரு தடவை வெளியே எடுத்துக் கிளறுங்கள். முழுச் சக்தியிலேயே விட்டால் நுரை பொங்கி அடுப்புத் தட்டு முழுக்கக் கஞ்சி.

பொங்காமலிருக்க எண்ணெய் விடும் வழக்கம் உண்டு. ஒரு தேக்கரண்டி நுரையை ஓரளவு அடக்கும், ஒட்டுவதைத் தடுக்காது; எண்ணெய் மேலே மிதக்கிறது, பாஸ்தா அடியில் கிடக்கிறது. உப்பு லீற்றருக்கு 10 கிராம், கொதிநீரோடு சேர்த்தே போட வேண்டும்.

காயம் வருவது வடிக்கும்போது. துளை மூடியைச் சரியாகப் பூட்டாமல் கவிழ்த்தால் ஒரு லீற்றர் கொதிநீரும் மணிக்கட்டில் கொட்டும். துணியால் மூடியை அழுத்திப் பிடித்து, உடம்புக்கு எதிர்ப்பக்கமாகச் சரியுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் (சூடு தாங்கும் பொலிபுரொப்பிலீன் வகையின் அடையாளம்) இல்லாத பிளாஸ்டிக்கில் கொதிநீர் ஊற்றாமல் விடுவதே நல்லது. மஞ்சள் போட்ட குழம்பையோ தக்காளிச் சாறையோ அதே பெட்டியில் கிளறினால் கறை எளிதில் போகாது.

சாமானைத் திட்டுமுன் பக்கெற்றையும் பாருங்கள். 'டியூரம்' (கடினக் கோதுமை வகை) கோதுமை ரவை என்று போட்டிருக்க வேண்டும். இத்தாலியில் உலர் பாஸ்தாவுக்கு 1967ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அதைக் கேட்கிறது. சாதாரணக் கோதுமை மாவில் செய்தது எந்தச் சட்டியிலும் குழையும், குழாயில் களியாகும். சீனன்குடா பிரீமா ஆலையின் மா பாணுக்கும் ரொட்டிக்கும் நல்லது, பாஸ்தா வேறு கோதுமை.

நம் வீடுகளில் பாஸ்தாவைப் பெரும்பாலும் வெங்காயம், செத்தல் மிளகாய், றால் அல்லது கணவாய் போட்டுத் தாச்சியில் பிரட்டுகிறோம். அப்படியானால் பக்கெற்றில் உள்ள நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்து, அகன்ற தட்டில் பரப்பி ஒரு தேக்கரண்டி எண்ணெய் பூசுங்கள். மிச்சம் தாச்சியில் அவியும். குழாயில் பாதி குழைந்ததும் பாதி பச்சையுமாக வருவதை இப்படிப் பிரட்ட முடியாது.

காஸ் மிச்சம்தான் நோக்கம் என்றால் கனமான அடியுள்ள மூடிச் சட்டி போதும். 100 கிராமுக்கு 600 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்பும் பாஸ்தாவும் போட்டு, இரண்டு நிமிடம் கொதியில் கிளறி, அடுப்பை அணைத்து இறுக மூடிவிடுங்கள். பக்கெற் நேரத்தைவிட ஒரு நிமிடம் கூட்டித் திறங்கள். குழாய் செய்யப்போவதாகச் சொன்னது இதைத்தான். சட்டியும் தண்ணீரும் உண்மையாகவே கொதித்த பிறகு மூடுவதால் இங்கே சரிவருகிறது. இடையில் திறந்து பார்த்தால் கெட்டுவிடும்.

வாங்கிவிட்ட குழாயை எறிய வேண்டாம். துளையில்லாத மூடியைப் போட்டு உடைக்காத ஸ்பகட்டியை நிறுத்தி வைக்கலாம். மார்கழி மழை ஈரமும் எறும்பும் உள்ளே வராது.