நவம்பரிலிருந்து பின்னோக்கி: கம்யூனிட்டி காலேஜ் வழியே யுசிஎல்ஏ பிசினஸ் எகனாமிக்ஸ்

2023 ஜனவரியில் ஒரு ராத்திரி, அக்கா மகள் லேப்டாப்பைத் திறந்தபடியே என் அறைக்கு வந்தாள். "சித்தி, நான் எடுத்த கால்குலஸ் யுசிஎல்ஏவுக்குச் செல்லாது போலிருக்கு" என்றாள். யுசிஎல்ஏ என்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யுசி) லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம். இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு அங்கே மாறுவது அவள் திட்டம். முதல் செமஸ்டர் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தப் பாடத்தில் 'ஏ' வாங்கியிருந்தாள். ஆனால் அவள் எடுத்தது பிசினஸ் கால்குலஸ். பிசினஸ் எகனாமிக்ஸ் படிக்க ஆசைப்படுகிற பெண், பிசினஸ் என்று பெயர் போட்ட கணக்கை எடுத்ததில் அவள் தப்பு என்ன?

அந்த ஒரு செமஸ்டரை ஈடுகட்ட அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேரப்போகிற பிள்ளைகளுக்கும், ஒன்றும் புரியாமல் கூட நிற்கிற பெற்றோருக்கும் இது உதவும்.

பெற்றோருக்கு முதலில் ஒரு வார்த்தை. கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் வீடுகளில் முகம் சுருங்குகிறது. பிள்ளை எங்கே படிக்கிறது என்று கோயிலில் யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிறோம். வேண்டாம். இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் என்பது இந்த மாநிலம் 1960ஆம் ஆண்டின் உயர்கல்வித் திட்டத்திலேயே போட்டு வைத்த ராஜபாட்டை. இன்று 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. பாடங்களை யூனிட் கணக்கில் அளப்பார்கள், மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். 15 யூனிட் எடுத்தால் ஒரு செமஸ்டருக்கு 690 டாலர், அறுபது யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். வருமானம் குறைவான குடும்பம் என்றால் ப்ராமிஸ் கிராண்ட் அதையும் தள்ளுபடி செய்துவிடும். கடைசியில் கையில் வருவது யுசி பட்டம்தான்.

முதல் படி: எந்த வளாகம், எந்தத் துறை

யுசிஎல்ஏவில் இளங்கலை மாணவருக்குப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்று ஒரு மேஜரே (முதன்மைப் பாடம்) கிடையாது. அங்குள்ள ஆண்டர்சன் மேலாண்மைப் பள்ளி அடிப்படையில் முதுகலைக்கானது. பிசினஸ் எகனாமிக்ஸை நடத்துவது பொருளாதாரத் துறை. பெயரில் பிசினஸ் இருந்தாலும் உள்ளே இருப்பது எகனாமிக்ஸும் கணக்கும் அக்கவுண்டிங்கும்தான். மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட் என்று கனவு காண்கிற பிள்ளை இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

யுசியின் அர்வைன், ரிவர்சைடு வளாகங்களிலும் இதே பெயரில் மேஜர் உண்டு. யுசிஎல்ஏ மனதில் இருந்தாலும் அர்வைனையும் பட்டியலில் வையுங்கள். தேவைப்படும் பாடங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இரண்டாம் படி: அசிஸ்ட் தளம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். கல்லூரியின் பாடப்பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள், அசிஸ்ட் டாட் ஓஆர்ஜி தளத்திலிருந்து தொடங்குங்கள். மாநிலத்தின் அதிகாரப்பூர்வத் தளம் அது. உங்கள் கல்லூரி, போகவேண்டிய பல்கலைக்கழகம், மேஜர், ஆண்டு நான்கையும் தேர்ந்தெடுத்தால் இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடமும் வலது பக்கம் அதற்கு ஈடான உங்கள் கல்லூரிப் பாடமும் வரும். வலது பக்கம் இல்லாத பாடம் அந்தத் தேவைக்கு ஈடாகாது.

யுசிஎல்ஏ பிசினஸ் எகனாமிக்ஸுக்கு இடது பக்கத்தில் வரும் முக்கியமான பெயர்கள்: எகனாமிக்ஸ் 1, எகனாமிக்ஸ் 2, மேத் 31ஏ, மேத் 31பி, மேனேஜ்மென்ட் 1ஏ, 1பி. அதாவது மைக்ரோ (நுண்பொருளாதாரம்), மேக்ரோ (பேரியல் பொருளாதாரம்), ஒரு வருடக் கால்குலஸ், அக்கவுண்டிங். கூடவே ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள். உங்கள் ஆண்டுக்கான பக்கத்தை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அது ஒன்றரை வருடம் அப்படியே இருந்தது. முடித்த பாடத்தைப் பச்சைப் பேனாவால் அடிப்பாள்.

பாட எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். 2023இல் சாண்டா மோனிகா காலேஜில் எகனாமிக்ஸ் 1 என்றால் மைக்ரோ. டி ஆன்சாவில் எகனாமிக்ஸ் 1 என்றால் மேக்ரோ. ஒரே எண், வேறு பாடம். ஒரு கல்லூரியில் ஒன்றும் கோடையில் இன்னொன்றில் மற்றொன்றும் எடுக்கிற பிள்ளை, எண்ணை மட்டும் பார்த்தால் ஒரே பாடத்தை இரண்டு முறை படித்துவிட்டு நிற்கும்.

இப்போது அந்தக் கால்குலஸ் விஷயம். சாண்டா மோனிகாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே மேத் 7, மேத் 8 என்று முழுக் கால்குலஸ் வரிசை ஒன்று இருக்கிறது. பிசினஸ், சமூக அறிவியல் மாணவருக்கென்று மேத் 28 தனியாக இருக்கிறது. நீங்கள் எடுக்க வேண்டியது 7, 8. யுசிஎல்ஏவின் 31பியில் தொகையிடும் முறைகளும் முடிவிலாத் தொடர்களும் வரும். பிசினஸ் கால்குலஸ் அவ்வளவு தூரம் போவதில்லை.

பொருளாதாரத்துக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று அவள் எரிச்சலோடு கேட்டாள். யுசிஎல்ஏ போனதும் எடுக்க வேண்டிய எகனாமிக்ஸ் 11, இடைநிலை மைக்ரோ. ஒருவர் கையில் இவ்வளவு பணம், அரிசி இந்த விலை, பருப்பு இந்த விலை, எவ்வளவு எவ்வளவு வாங்கினால் அவருக்கு அதிகத் திருப்தி? தொடக்கப் பாடத்தில் இதைப் படம் வரைந்து சொல்லிவிடலாம். எகனாமிக்ஸ் 11இல் வகையிட்டு, பட்ஜெட் என்கிற கட்டுப்பாட்டுக்குள் உச்சப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் பத்தே வாரத்தில், ஏனென்றால் யுசிஎல்ஏ குவார்ட்டர் முறையில் ஓடுகிறது. கால்குலஸ் கைவசம் இல்லாமல் போனால் மூன்றாவது வாரத்திலேயே மூச்சு முட்டும்.

மூன்றாம் படி: நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

திட்டம் போடும்போது எல்லோரும் முதல் செமஸ்டரிலிருந்து முன்னோக்கிப் போவார்கள். நான் சொல்வது தலைகீழ். யுசி விண்ணப்பத்தை அக்டோபர் 1இலிருந்து நவம்பர் 30வரை சமர்ப்பிக்கலாம். 30ஆம் தேதி வார இறுதியில் விழுந்த ஆண்டுகளில் அடுத்த திங்கள்வரை நீட்டியிருக்கிறார்கள், அதை நம்பி உட்கார வேண்டாம். இரண்டாம் வருட நவம்பரில் உங்கள் விண்ணப்பத்தில் என்னென்ன மதிப்பெண் தெரிய வேண்டும்? மேஜருக்கான பாடங்கள். அப்போது தெரிய வேண்டுமென்றால் முதல் வருடத்திலேயே அவற்றில் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியில் நீளமானது கால்குலஸ். ப்ரீகால்குலஸிலிருந்து தொடங்குகிற பிள்ளைக்கு மூன்று செமஸ்டர் அதற்கே போய்விடும். அதனால் முதல் செமஸ்டரிலேயே கணக்கு. தள்ளிப்போடுகிற பேச்சே கூடாது.

கால்குலஸுக்குத் தயாராக இருக்கிற பிள்ளைக்கு, செமஸ்டர் முறைக் கல்லூரியில் நான் போடுகிற வரிசை இது (ஃபால் என்றால் இலையுதிர்கால செமஸ்டர், ஸ்பிரிங் என்றால் வசந்தகால செமஸ்டர்):

முதல் ஃபால்: கால்குலஸ் 1, மைக்ரோ, ஆங்கிலக் கட்டுரை, ஒரு பொதுப்பாடம்.
முதல் ஸ்பிரிங்: கால்குலஸ் 2, மேக்ரோ, விமர்சனச் சிந்தனை ஆங்கிலம், அக்கவுண்டிங் 1.
இரண்டாம் ஃபால்: அக்கவுண்டிங் 2, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆய்வகம் உள்ள ஓர் அறிவியல் பாடம், கூடவே விண்ணப்பம்.
இரண்டாம் ஸ்பிரிங்: மீதிப் பொதுப்பாடங்கள்.

அக்கா மகளுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஒரு செமஸ்டர் நழுவியதால் கால்குலஸ் 2, அக்கவுண்டிங் 2, விண்ணப்பக் கட்டுரைகள் மூன்றும் 2023 ஃபாலில் ஒன்றாக வந்து விழுந்தன. அந்த அக்டோபர் முழுக்க அவள் அறையில் விளக்கு அணைந்ததே இல்லை.

டி ஆன்சா, ஃபுட்ஹில் போல குவார்ட்டர் முறைக் கல்லூரி என்றால் தொடர்கள் இன்னும் சிறு துண்டுகளாக இருக்கும். டி ஆன்சாவில் அக்கவுண்டிங் 1ஏ, 1பி, 1சி என்று போகும். ஒரு தொடரைத் தொடங்கினால் அதே கல்லூரியில் முடியுங்கள். பாதி இங்கே பாதி அங்கே என்றால் ஈடு கிடைப்பது சிக்கலாகிவிடும்.

நான்காம் படி: யூனிட்டும் மதிப்பெண்ணும்

யுசிக்கு மாற்றத்தக்க 60 செமஸ்டர் யூனிட், குவார்ட்டர் கணக்கில் 90, சேர்வதற்கு முந்தைய ஸ்பிரிங்குக்குள் முடிந்திருக்க வேண்டும். "பாக்கியைக் கோடையில் முடித்துக்கொள்கிறேன்" என்கிற கணக்கு யுசிஎல்ஏவிடம் எடுபடாது. குறைந்தபட்ச ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) மாநிலவாசிக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8. இது வெறும் வாசற்படி. பிசினஸ் எகனாமிக்ஸ் கடும் போட்டி உள்ள மேஜர். மேஜர் வாரியாகச் சேர்ந்தவர்களின் ஜிபிஏ எந்த வீச்சில் இருந்தது என்று யுசியே அட்டவணை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு இலக்கு வையுங்கள்.

'சி' வாங்கிவிட்டால் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்து மதிப்பெண்ணை உயர்த்த யுசி அனுமதிக்காது, 'சி'க்குக் கீழே போனால்தான் அனுமதி. அதனால் வேலை நேரமும் பாடச்சுமையும் மோதினால் முதல் இரண்டு வாரத்திலேயே ஒரு பாடத்தை விடுவது புத்திசாலித்தனம்.

ஐந்தாம் படி: பொதுப்பாடங்கள்

2025 ஃபால் முதல் சேர்கிறவர்களுக்குப் ஐகெட்சி என்ற பழைய பொதுப்பாடப் பட்டியல் போய், கால்கெட்சி என்ற புதிய பட்டியல் வந்திருக்கிறது. பதினொரு பாடம், 34 யூனிட். மேடைப்பேச்சு உள்ளிட்ட வாய்மொழித் தொடர்பும் இனவியல் படிப்பும் அதில் கட்டாயம். மைக்ரோ, மேக்ரோ, கால்குலஸ் எல்லாம் இதிலும் கணக்கில் சேரும், அதனால் சுமை தோன்றுகிற அளவுக்கு இல்லை. பொதுப்பாடமா மேஜர் பாடமா என்று இழுபறி வந்தால் மேஜர் பாடம்தான் முதலில்.

ஆறாம் படி: டேக், டேப்

டேக் என்பது எழுத்துமூலமான இட உத்தரவாதம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன. யுசிஎல்ஏ, பெர்க்லி, சான் டியாகோ தருவதில்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1 முதல் 30வரை. எந்த மேஜருக்கு உண்டு, என்ன ஜிபிஏ வேண்டும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். யுசிஎல்ஏ கனவு இருக்கிறவர்கள்தான் கட்டாயம் டேக் போட வேண்டும் என்பேன். ஓர் இடம் உறுதியாக இருந்தால்தான் மற்ற இடத்துக்குத் தைரியமாக எழுத முடியும்.

யுசிஎல்ஏவுக்கு டேப் என்று ஒரு ஏற்பாடு உண்டு. உங்கள் கல்லூரியின் ஹானர்ஸ் திட்டத்தை முடித்தால் விண்ணப்பம் முன்னுரிமையோடு பார்க்கப்படும். உத்தரவாதம் அல்ல. முதல் செமஸ்டரிலேயே ஹானர்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள், இரண்டாம் வருடத்தில் கேட்டால் காலம் போதாது.

ஏழாம் படி: நான்கு கட்டுரைகள்

டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் பதில். ஒன்று கட்டாயம்: இந்த மேஜருக்கு உங்களை எப்படித் தயார்செய்துகொண்டீர்கள் என்பது. மீதி மூன்றை ஏழிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்.

அக்கா மகளின் முதல் வரைவு "சிறுவயதிலிருந்தே எனக்கு வணிகத்தில் ஆர்வம்" என்று ஆரம்பித்தது. "இது யார் வேண்டுமானாலும் எழுதலாம் கண்ணு, உன் கண்ணால் பார்த்ததை எழுது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்தக் கோடையில் ஓர் இந்திய மளிகைக் கடையில் கல்லாவில் நின்றிருந்தாள். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது நினைவிருக்கும். இரண்டே நாளில் கடை வாசலில் வரிசை. பொன்னியும் சோனா மசூரியும் இருந்த அடுக்கு காலி, பாஸ்மதி மூட்டையைச் சீண்ட ஆளில்லை. கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி குறையவே இல்லை, குறையப்போகிறது என்கிற பயம் மட்டுமே விலையை ஏற்றியது. மேக்ரோ வகுப்பில் எதிர்பார்ப்பு என்று ஒரு வரியில் படித்ததைக் கல்லாவில் நின்று பார்த்ததாக அவள் எழுதினாள். அந்தக் கட்டுரையில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

உங்கள் பிள்ளைக்கும் அப்படி ஒன்று இருக்கும். அப்பாவின் வரிக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது, தமிழ்ப் பள்ளி விழாவில் உணவுக் கடை வரவுசெலவு பார்த்தது, எதுவானாலும் சரி. பெற்றோர் எழுதித் தராதீர்கள்.

விண்ணப்பக் கட்டணம் வளாகத்துக்கு 80 டாலர். தகுதி இருந்தால் நான்கு வளாகங்கள்வரை விலக்கு கிடைக்கும்.

விசா பற்றி

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிற பிள்ளைகள் கலிஃபோர்னியாவாசி என்ற தகுதி பெற முடியும். 21 வயதில் அந்த விசா முடியும்போது நிலைமை மாறலாம். இரண்டாம் வருடத்தில் 21 ஆகிற பிள்ளை என்றால், சேரும் முன்பே கல்லூரியின் வசிப்பிடத் தகுதி அலுவலகத்தில் நேரில் பேசிவிடுங்கள், ஒரு வழக்கறிஞரிடமும் கேளுங்கள்.

எட்டாம் படி: அனுப்பிய பிறகு

ஃபால் மதிப்பெண்களையும் ஸ்பிரிங் பாடங்களையும் ஜனவரி 31க்குள் டிரான்ஸ்ஃபர் அகடமிக் அப்டேட் என்ற பகுதியில் நிரப்ப வேண்டும். விண்ணப்பம் போட்டாயிற்று என்று இதை மறக்கிற பிள்ளைகள் நிறைய. நிரப்பாத விண்ணப்பம் முழுமையற்றதாகக் கிடக்கும். முடிவுகள் ஏப்ரல் கடைசிக்குள் வரும். ஜூன் 1க்குள் சேர்வதாகச் சொல்ல வேண்டும், இறுதி மதிப்பெண் சான்று ஜூலை 1க்குள் போய்ச்சேர வேண்டும். இடையில் ஸ்பிரிங் பாடம் எதையாவது விட்டாலோ, 'சி'க்குக் கீழே போகும் என்று தெரிந்தாலோ உடனே வளாகத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். மறைத்தால் கிடைத்த இடம் கைவிட்டுப் போகும்.

அக்கா மகள் இப்போது அர்வைனில் பிசினஸ் எகனாமிக்ஸ் படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, இந்த ஃபாலில் கம்யூனிட்டி காலேஜ் சேரப்போகிற தம்பியை உட்காரவைத்து அசிஸ்ட் பக்கத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் இப்போது அவன் தாள் ஒட்டியிருக்கிறது.